நாலாவது கார்டு

பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கக் கூப்பிட்ட இடத்துக்குப் போலீஸும் வரப்போகிறது என்று எப்சியிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாளையங்கோட்டையிலிருந்து வீரவநல்லூர் வரைக்கும் அந்த மாசி வெயிலில் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்திருக்கவே மாட்டாள். விஷயத்தை முதலில் சொன்னது அரிசி மில் கேட்டுக்கு வெளியே, வெறுந்தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். அவள் மடியில் ஒரு தூக்குவாளி இருந்தது. மூடி திறக்கப்படவில்லை.

“யக்கா, கம்ப்யூட்டர் பாக்க வந்தது நீங்கதானா?”

“ஆமா. நீங்க யாரு?”

“இசக்கித்தாய். உள்ள மிசின் ஓட்டுத பூதத்தான் எங்க வீட்டுக்காரரு. எதையோ களவாண்டு வித்துட்டாருன்னு சொல்லுதாவ. மத்தியானம் எஸ்.ஐ. வந்து கூட்டிட்டுப் போயிருவாராம். நீங்க பாத்துச் சொல்லுததுலதான் எல்லாம் இருக்காம்.” அவள் எழுந்து எப்சியின் வண்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “அவரு எடுக்கலக்கா. நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

எப்சியின் தொழில் பழைய கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பது. புதிதாக வாங்கச் சொல்லி எல்லாரும் கைவிட்டதை, மில்லிலும் ஆலையிலும் மிசினோடு கட்டிப்போட்டிருக்கிற கிழட்டுப் பெட்டிகளை, எழுப்பி உட்கார வைப்பாள். ஆளைப் பிடித்துக் கொடுக்கிற வேலை அவள் பார்த்ததே இல்லை. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தாள். ஆனால் அந்தப் பெண் கைப்பிடியை விடுகிற மாதிரி தெரியவில்லை.

முற்றத்தில் பிசானப் பருவத்து நெல் குவிந்து கிடந்தது. லோடுமேன்கள் மூட்டைகளின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவள் கேட்டதும் ஒருவன் கையை மட்டும் உள்பக்கம் காட்டினான். கேட்டுப் பக்கம் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. காலையிலிருந்தே பார்க்கவில்லை என்பது அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

மிசின் ரூமில் முதலாளி பெருமாள்ராஜ் நாற்காலியில் இருந்தார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். அவருக்கு எதிரே சுவரோரமாக நின்றவன்தான் பூதத்தானாக இருக்க வேண்டும். முப்பது வயதுக்காரன். அவன் உட்காரலாம் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

“வாம்மா. நேரம் கொஞ்சந்தான் இருக்கு. விசயத்தைச் சொல்லிருதேன்” என்றார் பெருமாள்ராஜ். “இது அரிசியில கறுப்பு, பழுப்பை எல்லாம் காமிரா வச்சுப் பாத்துக் காத்தால ஊதித் தள்ளுத மிசினு. பத்து வருசத்துக்கு முன்னாடி கர்நாடகாவுல ஒரு மில்லுல பழசா வாங்கினேன். இந்தக் கம்ப்யூட்டர்தான் அதுக்கு மூளை. போன வாரம் திடீர்னு நின்னுட்டு. கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு பயலைக் கூப்பிட்டேன். வந்தான், உள்ள இருந்த எல்லாக் கார்டையும் பிடுங்கினான். ‘அண்ணாச்சி, காமிரா கார்டு எங்க கம்பெனி சாமானே இல்ல, யாரோ ஒரிசினலை உருவிட்டுக் கண்டதைச் சொருகியிருக்கான்’னுட்டான். இந்த ரூம் சாவி இந்தப் பயகிட்ட மட்டுந்தான் இருக்கு. பெறவு வேற யாரு?”

“நான் எடுக்கல மொதலாளி” என்றான் பூதத்தான். எத்தனை தடவை சொன்னானோ, குரலில் சத்தே இல்லை.

“நீ பேசாத லே.” பெருமாள்ராஜ் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கண்ணாடிக் கவரை எடுத்தார். உள்ளே ஒரு கார்டு. அடியில் தடித்த அட்டையை வைத்து, கவரின் வாயை ஸ்டேப்ளர் அடித்து மூடியிருந்தார். “இதான் அந்தச் சாமான். போலீசுக்குக் குடுக்கணும், அதனால தொடப்படாது. பாத்துக்கோ. மத்தது அழுக்குப் பிடிச்சுக் கிடக்கு, இது மட்டும் கடையில வாங்கின கணக்கா மினுமினுங்குது பாத்தியா? மிச்சக் கார்டு எது எது, டிரைவ் எது எதுன்னு பாத்து எஸ்.ஐ. கிட்ட வாயால சொன்னாப் போதும். நீ என்ன சொல்லுதியோ அதான் எனக்கு முடிவு.”

எப்சி கவரை வாங்கிப் பார்த்தாள். சில்லுகள் இருக்கிற முகம் மேலே தெரிந்தது. உண்மைதான், தூசி துரும்பு இல்லாமல் சுத்தமாக இருந்தது. பெரிய சில்லின் மேலிருந்த எண்ணைப் படித்தாள். காமிராப் படத்தை வாங்கிக் கம்ப்யூட்டருக்குத் தருகிற கார்டுதான், கண்ட சாமானும் இல்லை, குப்பையும் இல்லை. வேறு கம்பெனி செய்தது, அவ்வளவுதான்.

“கார்டு சரியான கார்டுதான் அண்ணாச்சி. இந்த மிசினுக்கு இது வேலை செய்யும்.”

“செய்யட்டுமே! நான் வாங்கின கார்டு எங்க?”

என்ன கார்டு என்று கேட்டால் சொல்லிவிடலாம், எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டால் கார்டு எப்படிச் சொல்லும்? அவள் கண்ணை மூடி ஒரு வரி ஜெபம் செய்துகொண்டு, பையைத் திறந்தாள்.

பெட்டி நின்ற வாக்கிலேயே ஒரு பக்கம் திறந்து கிடந்தது. முதலில் டிரைவ்களைப் பார்த்தாள். மேலே பிளாப்பி டிரைவ். அதற்குக் கீழே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் கேபிளே சொருகவில்லை. தன்னுடைய லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தபோது அது வெறும் காலி, முந்தின மில்காரன் விட்டுவிட்டுப் போனது. மற்றதை மாட்டினாள். சத்தமே இல்லை. காதோடு வைத்துக் கேட்டாள். உள்ளே லேசான முனகல் மட்டும் கேட்டது. தட்டு ஒட்டிக்கொண்டு சுற்ற மாட்டேன் என்கிறது. டிஸ்க்கை உள்ளங்கையில் பிடித்து, மணிக்கட்டை வெடுக்கென்று ஒரு திருப்பு திருப்பினாள். விர்ரென்று சத்தம் ஏறியது. லேப்டாப்பில் பைல்கள் வரிசையாக வந்து நின்றன.

“அண்ணாச்சி, மிசின் நின்னதுக்குக் காரணம் இதுதான். டிஸ்க்கு ஒட்டிக்கிட்டு. கார்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

பூதத்தான் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான்.

“டிஸ்க்கு கெட்டது வேற, கார்டு மாறினது வேற” என்றார் பெருமாள்ராஜ். “ரெண்டையும் போட்டுக் குழப்பாத.”

மனிதர் முட்டாளில்லை, அதுதான் சங்கடம். எப்சி மிச்சமிருந்த மூன்று கார்டுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். தவிட்டுத் தூசி கனமாகப் படிந்து, அடை மாதிரி ஒட்டியிருந்தது. பிரஷ்ஷால் தட்டினால் அடியில் மஞ்சளும் சிவப்புமாக வேறு எதுவோ வந்தது. சந்தனம். அதன் நடுவில் குங்குமம். ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து தடித்த பொட்டுகள்.

“இது என்ன அண்ணாச்சி, கார்டுக்கெல்லாம் பொட்டு?”

“ஆயுத பூசைக்கு வைப்போம்லா!” பெருமாள்ராஜுக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமை வந்தது. “இந்த மில்லுல இருக்க ஒரு சாமான் விடமாட்டேன். எல்லாத்துக்கும் என் கையாலதான் பொட்டு. கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ள இருக்க ஒவ்வொண்ணுக்கும் வச்சாத்தான் எனக்கு மனசு ஆறும்.”

எப்சி சுற்றிலும் பார்த்தாள். மோட்டார், சுவிட்ச் போர்டு, தராசு, நாற்காலிக் கால், சுவரில் தொங்கிய டார்ச் லைட் உள்பட அந்த அறையில் பொட்டு வாங்காத பொருளே இல்லை. எல்லாப் பொட்டுக்கும் ஒரு வால் இருந்தது, இடப்பக்கமாக மேலே இழுத்த வால். முதலாளியின் மோதிர விரல் எப்போதோ மிசின் பெல்ட்டில் மாட்டி மடங்காமல் விறைத்திருந்தது. வைத்த விரலைச் சட்டென்று தூக்க வராது, இழுத்துக்கொண்டுதான் போகும்.

எப்சிக்கு அழுக்கைக் கண்டால் பொறுக்காது. வேலை தொடங்கும் முன் துடைத்தாக வேண்டும், வீட்டிலும் அப்படித்தான், கடையிலும் அப்படித்தான். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள். முதல் கார்டைத் துடைத்தாள், திரையில் படம் காட்டுகிற கார்டு. இரண்டாவது, காற்றுக்குழாய்களை ஊதச் சொல்லுகிற கார்டு. மூன்றாவது, யாரும் தொடாத பழைய நெட்வொர்க் கார்டு. பஞ்சு பஞ்சாக மஞ்சளும் சிவப்பும் வந்தன. வாய் சும்மா இருக்குமா? அது தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

“கரெண்டு ஓடுத சாமான்ல சந்தனத்தைப் போயா அப்புவாங்க? நல்லவேளை, அந்தக் காமிரா கார்டு தப்பிச்சுது. அதுல பொட்டே இல்ல.”

சொல்லிக்கொண்டே அடுத்த பஞ்சை நனைத்தாள்.

பெருமாள்ராஜ் கவரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை.

“இல்லதான்” என்றார் மெதுவாக. “பொட்டு இல்ல. புரட்டாசியில நான் எல்லாத்துக்கும் வச்சேன். இதுல இல்லைன்னா இது அதுக்குப் பெறவு உள்ள வந்தது. எம்மா, நீ லேசான ஆளில்ல! கோயம்புத்தூர்க்காரன்கூட இதைச் சொல்லல.” அவர் பூதத்தான் பக்கம் திரும்பினார். குரல் முற்றம் வரைக்கும் போனது. “ஏலே, இப்ப என்ன சொல்லுத? பூசைக்குப் பெறவு இந்தப் பெட்டியை யாருலே திறந்தா? நீ திருடன்தாம்லே!”

வெளியே மூட்டைகளின் மேலிருந்தவர்கள் ஜன்னலண்டை வந்துவிட்டார்கள். பூதத்தான் எப்சியைப் பார்த்தான். கோபம்கூட இல்லை, நீங்களுமா என்கிற பார்வை. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஐயோ, யாராவது கேட்டார்களா? பொட்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, வாயை மூடிக்கொண்டு துடைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? கேட்டில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் எந்த முகத்தோடு போவது?

முதலாளியின் போன் அடித்தது. “ஆமா சார்... ரயில்வே கேட்டுலயா? சரி சார், வாங்க, ஆளு இங்கனதான் நிக்கான்.”

ரயில் போய்க் கேட் திறந்தால் ஜீப் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். எப்சி பூதத்தானிடம் போனாள்.

“பூசையன்னைக்கு நீங்க பக்கத்துல இருந்தியளா? நாலுக்கும் பொட்டு வச்சாரா?”

“நான் டார்ச் அடிச்சேன்க்கா. பெட்டி இந்த மாதிரிதான் நின்னுச்சு. மொதலாளி கையை உள்ள விட்டு வச்சாரு. எத்தனைக்கு வச்சாருன்னு நான் எண்ணலியே.” பொய் சொல்லத் தெரியாதவன். ‘நாலுக்கும் வச்சாரு’ என்று சொல்லியிருந்தால்தான் என்ன?

அவள் பெட்டி முன்னால் குந்தினாள். கையை உள்ளே விட்டு வைத்தார் என்றால், எங்கே வைத்திருப்பார்? நின்ற பெட்டிக்குள் கார்டுகள் அலமாரித் தட்டு மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாகப் படுத்திருக்கும். விரல் தொடுவது மேல்முகத்தைத்தான். தவிடு விழுவதும் மேல்முகத்தில்தான். கார்டு சொருகும் வாய்களைப் பார்த்தாள். மூன்று நீளமான கறுப்பு வாய்கள். அவற்றுக்கு மேலே குட்டையாக வெள்ளை வாய்கள்.

கறுப்பும் வெள்ளையும்!

இருபது வருடமாகச் சொருகிக் கழற்றுகிறாள், மூளை இப்போதுதான் வேலை செய்கிறது. துடைத்த கார்டு ஒன்றை அவசரமாக எடுத்துக் கறுப்பு வாயில் வைத்துப் பார்த்தாள். சில்லுகள் மேலே பார்த்தன. தன் பையைக் குடைந்து, வெள்ளை வாய்க்கான கார்டு ஒன்றைத் தேடி எடுத்துச் சொருகினாள். அது தலைகீழாகத்தான் உட்கார்ந்தது. சில்லுகள் கீழே, முதுகு மேலே. அந்த இனமே அப்படித்தான்.

“அண்ணாச்சி, இங்கன வாங்க. இதைப் பாருங்க.”

“ஜீப்பு வந்துட்டு இருக்கும்மா.”

“வரட்டும். ஒரு நிமிசம் வாங்க! இந்த மூணு கார்டும் கறுப்பு வாய்க்காரன். உள்ள இருக்கையில மொகம் மேல பாக்கும். உங்க கவர்ல இருக்கது வெள்ளை வாய்க்காரன். அது குப்புறப் படுத்திருக்கும். அதான் மொகத்துல தூசி இல்ல. நீங்க பொட்டு வச்சிருந்தா அது முதுகுலதான் இருக்கும். கவரைத் திறந்து திருப்பிப் பாருங்க.”

“திறக்கப்படாது. சாட்சிச் சாமான்.” அவர் கவரை மார்போடு அணைத்துக்கொண்டார். “நீ தொட்டு ஏதாவது பண்ணிட்டா? இந்தா, மூணைத் துடைச்சிட்டேல்லா!”

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. துடைத்தவள்தான், மறுக்க முடியாது.

“நான் தொட மாட்டேன். இதோ, கையைக் கட்டிக்கிட்டேன். நீங்களே திறங்க. நீங்க வச்ச பொட்டு, நீங்களே பாருங்க. இல்லைன்னா இல்லைன்னு நானே எஸ்.ஐ. கிட்டச் சொல்லுதேன், இவன்தான் மாத்தினான்னும் சொல்லுதேன்.”

சொல்லிவிட்டாள். ஒருவேளை இல்லாவிட்டால்? அந்த ஒரு கார்டை மட்டும் கை எட்டாமல் விட்டிருந்தால்? பூதத்தானை அவளே அல்லவா முழுசாகப் பிடித்துக் கொடுத்ததாக ஆகும்? ஆண்டவரே, இருக்கணும், எப்படியாவது இருக்கணும்.

ஜன்னலில் நின்றவர்களில் ஒரு பெரியவர், “பாத்துருங்களேன் அண்ணாச்சி, என்ன கொறஞ்சா போவுது?” என்றார். பெருமாள்ராஜ் அவரை முறைத்தார். பிறகு ஸ்டேப்ளர் கம்பியை நகத்தால் நெம்பினார். கார்டை வெளியே எடுத்து, அட்டையை அகற்றி, திருப்பினார்.

பின்பக்கம் முழுக்கத் தவிடு. பழுப்பாக, கெட்டியாக, மூன்று கார்டுகளில் இருந்ததைவிடக் கனமாக. கோயம்புத்தூர்ப் பையன் இதைப் பார்த்திருப்பான், பார்த்ததை யோசித்திருக்க மாட்டான்.

“ஸ்பிரிட்டு வேண்டாம். இந்த பிரஷ்ஷால பைய தட்டுங்க” என்றாள் எப்சி. கையை அவள் அவிழ்க்கவில்லை.

அவர் தட்டினார். தவிடு பொடிப்பொடியாக வேட்டியில் விழுந்தது. ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் தட்டினார். பச்சைப் பலகைதான் தெரிந்தது. பூதத்தான் கண்ணை மூடிக்கொண்டான். பிரஷ் ஓரத்துக்கு வந்தபோது ஒரு பெரிய பொருக்கு பெயர்ந்து விழுந்தது.

அடியில் மஞ்சள் தெரிந்தது.

பெருமாள்ராஜின் கை நின்றது. பிறகு தானாகவே, இன்னும் மெதுவாகத் தட்டியது. சந்தனம், நடுவில் குங்குமம், இடப்பக்கமாக மேலே இழுத்த வால். அதன் ஓரம் உடைந்த இடத்தில் அடியில் ஒரு தவிட்டுப் படலம், அதற்கும் அடியில் இன்னொரு பொட்டு, மங்கலாக, அதே பக்கம் வாலோடு. அதற்கும் கீழே இன்னொன்று, எண்ணினால் பத்து வரும். வருசத்துக்கு ஒன்றாக அவரே வைத்தது. அவர் தன் விறைத்த விரலைப் பார்த்தார், சுவிட்ச் போர்டைப் பார்த்தார், மறுபடியும் கார்டைப் பார்த்தார்.

“வாங்கும்போதே இந்தக் கார்டுதான் இருந்திருக்கு அண்ணாச்சி” என்றாள் எப்சி. “அந்தக் கர்நாடகாக்காரன் மாத்தியிருப்பான். ஒங்க மில்லுல யாரும் எதையும் எடுக்கல.”

கேட்டுப் பக்கம் ஹார்ன் கேட்டது. பெருமாள்ராஜ் குரலைத் தாழ்த்தினார். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“எம்மா, இதையும் அந்த ஸ்பிரிட்டைப் போட்டுத் துடைச்சிரு. மத்ததைத் துடைச்சேல்லா, அதோட அதா.”

எப்சி ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தாள். மூடியை இறுக்கித் திருகிப் பைக்குள் போட்டாள்.

“இது இருக்கட்டும் அண்ணாச்சி.”

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே உள்ளே வந்தார். பின்னால் ஒரு கான்ஸ்டபிள். ஜன்னல் முழுக்கத் தலைகள். அவர்களுக்குப் பின்னால், கேட்டை விட்டு உள்ளே வந்து, தூக்குவாளியோடு இசக்கித்தாய் நின்றாள்.

“எங்க அண்ணாச்சி ஆளு?”

பெருமாள்ராஜ் எழுந்தார். முகத்தில் ஒரு சிரிப்பை எங்கிருந்தோ தேடி எடுத்து மாட்டியிருந்தார். “ஒண்ணுமில்ல சார், பொருளு கெடைச்சிட்டு. வெயில்ல வந்துட்டிய, ஒரு சர்பத்து சாப்பிட்டுட்டுப் போங்க.”

ஜன்னலில் ஒருவன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். கெடைச்சிட்டாம். கெடைச்சிட்டு என்றால் எடுத்தவன் கொடுத்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? பூதத்தானுக்கும் அது புரிந்தது, அவன் தலை மறுபடியும் கீழே போனது. இனி இந்த ஊரில் எந்த மில்லில் எது தொலைந்தாலும் இவன் பேர்தான் முதலில் வரும். முதலாளிக்கு ஒரு சர்பத்தோடு முடிந்தது.

காலையிலிருந்து அந்த வாய் செய்த வம்பு போதும் என்று எப்சி இப்போதுதான் தீர்மானித்திருந்தாள். ஆனாலும் திறந்தாள்.

“கெடைக்கல சார். தொலையவே இல்ல.”

எஸ்.ஐ. திரும்பினார். “நீங்க யாரும்மா?”

“கம்ப்யூட்டர் பாக்க வந்தவ. இவரு திருட்டுச் சாமான்னு சொன்ன கார்டுக்கு இவரே வருசா வருசம் பொட்டு வச்சிருக்காரு. அந்தா அவரு கையில இருக்கு, பாருங்க. அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. திருடன்னு சொன்னது முற்றம் வரைக்கும் கேட்டுச்சு. இதுவும் கேக்கட்டும்.”

எஸ்.ஐ. கையை நீட்டினார். பெருமாள்ராஜ் கார்டைக் கொடுக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

“நான் வச்ச பொட்டுதான்” என்றார் கடைசியில். அடிக்குரலில் வந்தது. ஜன்னலைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார். “நான் வச்சதுதாம்யா. அவன் எடுக்கல. நான்தான் பாக்காம பேசிட்டேன்.”

எஸ்.ஐ. தொப்பியை மாட்டிக்கொண்டு, “இதுக்கா என்னை ரயில்வே கேட்டுல காத்துக் கிடக்க வச்சிய?” என்று முனகியபடியே வெளியே போனார். எப்சி கார்டை வாங்கி, முதுகு மேலே பார்க்க வெள்ளை வாயில் சொருகினாள். மற்ற மூன்றையும் டிஸ்க்கையும் மாட்டி சுவிட்சைப் போட்டாள். திரையில் அரிசிமணிகளின் படம் வந்தது.

“ஏலே பூதத்தான்” என்றார் பெருமாள்ராஜ், அவன் முகத்தைப் பார்க்காமல். “நெல்லு கிடக்கு. மிசினைப் போடு.”

பூதத்தான் இடுப்பிலிருந்த அறைச் சாவியை எடுத்து மேசையில், அவர் முன்னால் வைத்தான். ஜன்னலுக்கு வெளியே இசக்கித்தாய் தூக்குவாளி மூடியைத் திருகத் தொடங்கியிருந்தாள்.

“சாப்பிட்டுட்டு வாரேன் மொதலாளி” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தான்.